கிளி கடிக்கக் கொடுக்கும் பொம்மைகள்: செலவும் வேண்டாம், ஆபத்தும் வேண்டாம்

என் வீட்டில் ஒரு சன் கனூரும் ஒரு ஜோடி ஆப்பிரிக்கன் லவ் பேர்டும் இருக்கின்றன; இரண்டுமே வெளிநாட்டுக் கிளி வகைகள். புதிதாகக் கிளி வாங்கியவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொங்கவிடுகிற கம்பிக்குக் காசு போடுங்கள், கடிக்கிற சாமானுக்குப் போடாதீர்கள்.

கிளிக்கு எதற்குப் பொம்மை? தீனியும் தண்ணியும் வைத்தால் போதாதா?

போதாது. காட்டில் இருக்கிற கிளிக்குப் பகல் பொழுதில் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போய்விடும். பட்டையை உரிக்கும், காயைப் பிளக்கும், பொந்தைக் கொத்திப் பெரிதாக்கும். கூண்டில் இருப்பதற்கோ கிண்ணத்தில் தீனி தயாராக இருக்கிறது. பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிட்டால் மீதி நேரம் அந்த அலகு என்ன செய்யும்? கத்தும், கம்பியைக் கடிக்கும், கடைசியில் தன் இறகையே பிடுங்க ஆரம்பிக்கும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிஸ் ஊரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிக் குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு மெல்லவும் தேடித் தின்னவும் சாமான்கள் கொடுத்து வளர்த்தார்கள். மற்றவற்றுக்கு வெறும் கூண்டு. வெறும் கூண்டில் வளர்ந்தவை இறகு பிடுங்கின. பிறகு அவற்றுக்கும் அதே சாமான்களைக் கொடுத்தபோது அந்தப் பழக்கம் குறைந்தது. 2003-இல் வெளிவந்த ஆய்வு இது.

கடையில் விற்கிற பொம்மையை வாங்கக் கூடாதா?

வாங்கலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். வெளிநாட்டுப் பொம்மை ஒன்று பல நூறு ரூபாய், பெரிய கிளிக்கென்றால் ஆயிரத்தைத் தாண்டும். என் கனூர் அப்படி ஒன்றை மூன்றே நாளில் சுக்கல் சுக்கலாக்கியது. மலிவாக விற்பதில் வேறு சிக்கல்: சாயம் போகிற மரக்கட்டை, துத்தநாகம் பூசிய சங்கிலி, நாலு அணா மணி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அலைந்தால் கூண்டு, கிண்ணம் எல்லாம் சகாயமாகக் கிடைக்கும். பொம்மையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் நான் செய்கிற முதல் வேலை, அதில் உள்ள மணியையும் சங்கிலியையும் கழற்றிக் குப்பையில் போடுவது.

சரி, வீட்டில் இருக்கிற எதையெல்லாம் கொடுக்கலாம்?

தேங்காயிலிருந்து தொடங்குவோம், நம் ஊரில் இதைவிட மலிவாக எதுவும் கிடையாது. துருவி முடித்த கொட்டாங்குச்சியில் கண் உள்ள மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெல்லிசாக இருக்கும். திருப்புளியால் குத்தினால் துளை விழுந்துவிடும், டிரில் தேவையில்லை. ஒட்டியிருக்கிற தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும், கிளியின் நுரையீரலுக்குப் பூஞ்சை ஆகவே ஆகாது. ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் மாதிரி பெரிய கிளி வைத்திருப்பவர்கள் உரிக்காத காய்ந்த மட்டைத் தேங்காயை அப்படியே கொடுக்கலாம். நாரை உரித்து ஓட்டைத் தொடுவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். காய்ந்த தென்னம்பாளையும் அப்படித்தான்.

அடுத்து பாக்குமட்டைத் தட்டு. என்னைக் கேட்டால் நடுத்தர அளவுக் கிளிகளுக்கு இதுதான் முதல் பரிசு. பாக்கு மரத்து மட்டையைக் கழுவி, சூட்டில் அச்சு அழுத்திச் செய்வது. பசை கிடையாது, சாயம் கிடையாது. விசேஷத்தில் மிஞ்சிய புதுத் தட்டுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். என் கனூர் விளிம்பில்தான் ஆரம்பிப்பான். தலையைச் சாய்த்து ஒரு கடி, 'டக்' என்று சத்தம், ஒரு சில்லு கீழே விழும். அது விழுவதை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடி. அரை மணி நேரத்தில் தட்டு நிலாப் பிறை மாதிரி ஆகியிருக்கும். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவிக் கொடுத்துவிடாதீர்கள். உப்பும் எண்ணெயும் மட்டையில் ஊறிப்போயிருக்கும்.

மக்காச்சோளத்தின் மேல்தோல், பனை ஓலை, பெயின்ட் அடிக்காத சின்ன மூங்கில் கூடை, புது ஐஸ் குச்சி, தையல் இலை எல்லாம் சரி. தையல் இலையில் ஈர்க்குக் குச்சிக்குப் பதிலாக ஸ்டேப்ளர் பின் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். வேர்க்கடலைத் தோல் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை, அதில் பூஞ்சை ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

திருவிழாவில் விற்கிற பனை ஓலைக் கிலுகிலுப்பையைக் கொடுக்கலாமா?

அருமையான பொம்மைதான். ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. சிறு கல் என்றால்கூடப் பரவாயில்லை. குன்றிமணியாக இருந்தால் ஆபத்து. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த விதை கடும் விஷம். முழுதாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கிளியோ எதையும் உடைக்காமல் விழுங்காது, அதுதான் பயம். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு நாலு தினை மணியைப் போட்டு மூடிக் கொடுங்கள். சாயம் ஏற்றாத வெள்ளை ஓலையாகப் பார்த்து வாங்குங்கள்.

எந்த மரத்துக் கிளையை வெட்டிக் கொடுக்கலாம்?

கொய்யா, முருங்கை, வேம்பு. இந்த மூன்றும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். முருங்கை மிருதுவானது, பட்ஜி, காக்டெயில் மாதிரி சின்னக் கிளிகளுக்கு ஏற்றது. கொய்யா கெட்டி, கனூருக்கும் கிரேக்கும் ஏற்றது. இலையோடு கொடுத்தால் குஷியாகிவிடும். மருந்து அடித்த தோட்டத்துக் கிளை வேண்டாம், பஸ் போகிற ரோட்டோரத்துக் கிளையும் வேண்டாம். காக்கை எச்சம் இருக்கும், அதனால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, ஒரு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

பக்கத்திலேயே வரக் கூடாதவை: அரளி (செவ்வரளி, மஞ்சளரளி எல்லாமே), எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி, குரோட்டன்ஸ். முந்திரி மரமும் வேண்டாம். அதன் கொட்டைத் தோலில் உள்ள எண்ணெய் மனிதத் தோலையே புண்ணாக்கும். பெயர் தெரியாத மரம் என்றால் விட்டுவிடுங்கள், கொய்யா இல்லாத ஊரா என்ன.

தச்சர் பட்டறையில் மரத்துண்டு சும்மா தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

பிளைவுட், மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திய எம்டிஎஃப் துண்டு வேண்டவே வேண்டாம். பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். வார்னிஷ் அடித்தது, கரையான் மருந்து போட்டது இரண்டும் கூடாது. பார்சல் பெட்டியில் வருகிற பைன் மரம் மிருதுவானது, கிளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் 'எச்டி' (HT) என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்பி' (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்கிற விஷப் புகை போட்டது. விறகுக்குக்கூட வேண்டாம், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எண்ணெய்க் கறை பட்ட துண்டும் அப்படியே.

தொங்கவிட எந்தக் கயிறு?

கயிறு விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். பருத்திக் கயிறு ஊஞ்சல் ஒன்று கட்டியிருந்தேன். கடித்துக் கடித்து நுனி பஞ்சாகியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு காலை எழுந்து பார்த்தால் லவ் பேர்டின் விரலில் நூல் சுற்றி, விரல் கறுத்து வீங்கியிருந்தது. நகவெட்டியின் சின்னக் கத்தரியால் நூலை அறுத்தெடுக்கும்போது என் கைதான் நடுங்கியது. விரல் பிழைத்தது, நகம் போனது போனதுதான். பருத்தி இழையை விழுங்கினால் இரைப்பையில் பந்து மாதிரி திரண்டு அடைத்துக்கொள்ளவும் செய்யும். நைலான் நூல் இன்னும் மோசம், அறுபடவே அறுபடாது.

சின்னப் பட்சிகளுக்கு நான் இப்போது பயன்படுத்துவது பூ கட்டுகிற வாழை நார். பூக்கடையில் ஒரு கட்டு கேட்டால் தருவார்கள். கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்தால் வளையும்; காய்ந்த பிறகு பொம்மையைத் தாங்கும், ஆனால் கால் மாட்டிக்கொண்டு பட்சி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்துபோவதுதான் அதன் பெருமை. பெரிய கிளிக்குத் தேங்காய் நார்க் கயிறு, துண்டு துண்டாக; தொங்குகிற நுனி அதன் கழுத்தைச் சுற்ற முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். சணல் கயிறு என்றால் முகர்ந்து பாருங்கள். நூற்கும்போது எண்ணெய் சேர்ப்பதால் சிலதில் மண்ணெண்ணெய் வாடை வரும். வந்தால் மூட்டை கட்டத்தான் அது லாயக்கு.

மணி, சங்கிலி, கம்பி?

காசு போடச் சொன்னது இங்கேதான். ஜிஐ கம்பி என்று ஹார்ட்வேர் கடையில் விற்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. துருப் பிடிக்காது, விலையும் குறைவு, அதனால் கூண்டிலிருந்து கொக்கிவரை எல்லாம் அதில்தான் செய்கிறார்கள். கிளி அதை நாள் முழுக்க நக்கியும் கொறித்தும் பூச்சைத் தின்னும். துத்தநாகம் உடம்பில் ஏறினால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், வாந்தி எடுக்கும், சோர்ந்து கூண்டின் அடியில் உட்காரும். ஈயம் இன்னும் கொடியது, வலிப்பே வந்துவிடும். மலிவு மணியின் நாக்கு, பற்றவைத்த இடத்து ஈயம், பழைய பெயின்ட், திரைச்சீலை அடியில் தைக்கிற எடைக்கட்டி இவற்றிலெல்லாம் ஈயம் இருக்கலாம். பித்தளையிலும் துத்தநாகம் உண்டு. சலங்கை மணியில் வேறொரு ஆபத்து, அந்தப் பிளவில் நகம் மாட்டிக்கொள்ளும்.

அதனால் எவர்சில்வர் மட்டும். 304 அல்லது 316 ரகம் என்று கேட்டு, மறை போட்டு இறுக்குகிற வளையம் நாலு, கம்பிக்குச்சி ஒன்று வாங்குங்கள். குச்சியின் கீழ்முனை கூராக இல்லாமல் மறையாணியால் மூடுவதாக இருக்க வேண்டும். இது ஒரே ஒரு முறைச் செலவு, கிளியின் ஆயுள்வரை வரும். என்னுடையதில் இன்றைக்குக் கொய்யாத் துண்டு, நாளைக்குப் பாக்குமட்டை என்று மாற்றி மாற்றிக் குத்தி வைக்கிறேன். 'காந்தம் ஒட்டவில்லை, அப்போ எவர்சில்வர்தானே?' என்பார்கள். ஈயத்தில் காந்தம் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது. காந்தத்தை நம்பாதீர்கள்.

வளையத்தைப் பூட்டும்போது கொட்டாவி விட்ட மாதிரி வாய் திறந்திருக்கிற கொக்கி வேண்டாம். சாவிக்கொத்து வளையமும் வேண்டாம். அலகு மாட்டும்.

கலர் பொம்மைதான் கிளிக்குப் பிடிக்குமாமே?

கிளிகளுக்கு நிறம் நன்றாகவே தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். அதற்காகக் கடைச் சாயம் வேண்டியதில்லை. மரத்துண்டை மஞ்சள் தண்ணீரிலோ பீட்ரூட் தண்ணீரிலோ கொதிக்கவைத்து எடுத்துக் காயவையுங்கள். கடைப் பொம்மை என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கலர் இறங்கினால் நாளைக்கு அது கிளியின் வயிற்றிலும் இறங்கும்.

பேப்பர், அட்டைப்பெட்டி?

வெறும் பழுப்பு அட்டை தாராளமாக. டேப், பசை, பின் எல்லாம் எடுத்துவிட்டு. வழவழ பத்திரிகைத் தாள் வேண்டாம். சூப்பர் மார்க்கெட் பில் கண்டிப்பாக வேண்டாம்; அந்தத் தாளின் மேல் பிஸ்பீனால் என்கிற ரசாயனம் பூசியிருக்கும். பழுப்புத் தாளில் இரண்டு சூரியகாந்தி விதையை வைத்து மிட்டாய் மாதிரி முறுக்கிக் கொடுங்கள். பிரித்துத் தின்னக் கற்றுக்கொண்ட பிறகு கிண்ணத்துத் தீனியைவிட இதைத்தான் தேடும்.

குழந்தை பொம்மை, நாய் பொம்மை?

சொப்புச் சாமானுக்கு அரக்கும் சாயமும் பூசியிருப்பார்கள், வேண்டாம். ரப்பரைக் கடித்து விழுங்கும், வேண்டாம். நாய் மெல்லுகிற தோல் எலும்பும் வேண்டாம்.

கடல் நுரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கணவாய் மீனின் ஓடு அது, சுண்ணாம்புச் சத்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கடற்கரையில் பொறுக்கினால் இலவசம். பொறுக்கியதென்றால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, உப்புப் போன பிறகு காயவையுங்கள். மிருதுவான பக்கம் கிளியைப் பார்த்து இருக்கட்டும். முட்டையிடுகிற பெட்டைக்கு இது அவசியம்.

அலகு நீளமாக வளர்ந்துவிட்டது. கெட்டியான பொம்மை கொடுத்தால் சரியாகுமா?

அலகு வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நல்ல ஆரோக்கியமான கிளி இரண்டு அலகையும் ஒன்றோடொன்று அரைத்தே சரிசெய்துகொள்ளும். தூங்குவதற்கு முன் 'கரகர' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். திடீரென்று நீண்டால் பெரும்பாலும் ஈரல் கோளாறு, வெறும் விதையாகவே தின்பது, பட்ஜி என்றால் செதில் பூச்சி. டாக்டரிடம் காட்டுங்கள். சிமென்ட் கட்டையும் உப்புத்தாள் சுற்றிய குச்சியும் வாங்கி வைத்தால் காலில் புண்தான் வரும்.

லவ் பேர்ட் ஓலையைக் கிழித்து முதுகில் சொருகிக்கொள்கிறதே?

பீச் முக லவ் பேர்ட் பெட்டையின் பிறவிக் குணம் அது. கத்தரிக்கோல் போட்ட மாதிரி ஒரே அகலத்தில் நறுக்கி, இடுப்பு இறகுக்குள் வரிசையாகச் சொருகிக் கொண்டுபோய்க் கூடு கட்டும். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பட்ஜி. அது கூடு கட்ட எதையும் கொண்டுபோகாது. லவ் பேர்ட் சொருகுவது பார்க்க அழகுதான், ஆனால் முட்டை மேல் முட்டையாக இட ஆரம்பித்தால் ஓலையையும் தாளையும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மரத்துண்டு மட்டும் கொடுங்கள். முட்டை அடைத்து சாகிற பெட்டைகள் உண்டு.

எப்படிச் சுத்தம் செய்வது?

சுடுதண்ணீர், கொஞ்சம் வினிகர், பிறகு வெயில். பினாயில், அந்துருண்டை, கொசுவிரட்டி எதுவும் அந்த அறைக்கே வரக் கூடாது. மரத்தைச் சுட்டுக் காயவைக்கிறேன் என்று நான்ஸ்டிக் தவாவில் போட்டுவிடாதீர்கள். அது அதிகம் சூடானால் வருகிற புகையில் கிளி நிமிஷத்தில் செத்துவிடும்.

துண்டை விழுங்கிவிட்டால்?

மரத்தையும் ஓலையையும் கிளி பெரும்பாலும் மென்று துப்பிவிடும். உலோகம், நூல், ரப்பர் என்றால் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், உடலிலிருந்து அதை இறக்க ஊசி மருந்து உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடித்த பொம்மையின் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

பச்சைக்கிளிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அலகுக்குப் பொருந்தும், சட்டத்துக்குப் பொருந்தாது. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டுக் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சன் கனூர், கிரே, மக்காவ் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பட்ஜி, காக்டெயில், பீச் முக லவ் பேர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆசையாகச் செய்து தொங்கவிட்டேன், தொடவே மாட்டேன் என்கிறது. பயந்து பறக்கிறது.

புதுச் சாமான் என்றால் பாம்பைப் பார்த்த மாதிரிதான். கிரே இதில் மகா சந்தேகப் பிராணி. கூண்டுக்குள் உடனே வைக்காமல், அதன் கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் ஒரு வாரம் கிடக்கட்டும். அப்புறம் கூண்டுக்கு வெளியே கட்டுங்கள், அப்புறம் உள்ளே, ஓரமாக. நடுநடுவே நீங்களே கையில் எடுத்து உரித்து விளையாடுங்கள், அதைக் கண்டுகொள்ளாத மாதிரி. என் கனூர் முதல் கொட்டாங்குச்சியை ஒன்பது நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் அதன் நாரை நான் கிழித்துக்கொண்டிருந்தபோது தோளிலிருந்து இறங்கி வந்து, என் விரலைத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் கடிக்க ஆரம்பித்தான்.